'தேய்மானம்' என்ற சொல்லும் ஓடும் முழங்காலும்

முழங்கால் வலியோடு வருபவரின் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு நம் மருத்துவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒரே சொல்: 'தேய்மானம்'. செருப்பும் டயரும் தேய்வதைப் போல மூட்டும் தேய்ந்துவிட்டது என்ற படம் கேட்பவர் மனத்தில் அப்போதே பதிந்துவிடுகிறது. தேய்கிற பொருளைக் குறைத்துப் புழங்குவதுதானே வீட்டு வழக்கம்? தினமும் நடந்தவர் நடையை நிறுத்துகிறார். இறகுப்பந்து ஆடியவர் மட்டையைப் பரணில் போடுகிறார். இந்தச் சொல் நோயைத் தவறாக விளக்குவதோடு, சிகிச்சையையும் தவறான திசையில் திருப்பிவிடுகிறது என்பதே என் வாதம்.

தேய்வதாகச் சொல்லப்படும் குருத்தெலும்புக்கு இரத்தக் குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. அதில் பெரும்பகுதி நீர்தான். பாரம் ஏறும்போது அந்த நீர் கசிந்து வெளியேறுகிறது. பாரம் இறங்கும்போது மூட்டுநீர் ஊட்டத்தைச் சுமந்துகொண்டு உள்ளே ஊறுகிறது. அசைவுதான் அதற்குச் சோறு. எந்த டயருக்கும் இந்தக் குணம் கிடையாது. நரம்பில்லாத இடத்திலிருந்து வலியும் நேராகப் புறப்படாது. மூட்டுறையும் அடியெலும்பும் சுற்றியுள்ள நாண்களும்தான் வலிக்கின்றன. படம் காட்டுவதும் நோயாளி உணர்வதும் அடிக்கடி ஒத்துப்போகாததற்கு இது ஒரு காரணம். அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாமில் 991 பேரின் முழங்கால்களை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், மெனிஸ்கஸ் என்ற மூட்டுத் திண்டு கிழிந்திருந்தவர்களில் 61 விழுக்காட்டினருக்கு அதற்கு முந்தைய மாதத்தில் வலியே இருந்ததில்லை.

ஓடினால் மூட்டு கெடும் என்ற அச்சத்துக்கும் சான்று வலுவாக இல்லை. 2017இல் வந்த ஒரு தொகுப்பாய்வின்படி, இடுப்பு, முழங்கால் மூட்டுவாதம் பொழுதுபோக்காக ஓடுபவர்களில் 3.5 விழுக்காடு, ஓடாதவர்களில் 10.2; போட்டிகளில் ஓடுபவர்களில் 13.3. மூட்டு நன்றாக இருப்பவர்தானே ஓட வருவார் என்ற எதிர்வாதம் நியாயமானது. ஓட்டம் மூட்டைக் காக்கிறது என்று இந்த எண்களை வைத்து மட்டும் நான் சொல்லமாட்டேன். ஆனால் தேய்மானக் கணக்கு சரியென்றால் நோய் விழுக்காட்டில் ஓடாதவர்தான் கடைசியில் நிற்க வேண்டும். அப்படி நிற்கவில்லை.

தேய்ந்ததை நுண்துளை வழியாகச் சுரண்டிக் கழுவினால் சரியாகும் என்ற எண்ணமும் அதே படத்தின் குழந்தைதான். ஹூஸ்டனில் 180 நோயாளிகளை வைத்து நடத்தி 2002இல் வெளியிட்ட சோதனையில், ஒரு சாராருக்குத் தோலை மட்டும் கீறித் தைத்தார்கள். உள்ளே கருவி எதுவும் நுழையவில்லை. உண்மையான நுண்துளைச் சிகிச்சை பெற்றவர்கள் இரண்டு ஆண்டுகளில் இவர்களைவிட மேலாக இல்லை. அனேகமாக எல்லா மூட்டுவாத நோயாளிகளுக்கும் அந்தச் சிகிச்சை வேண்டாம் என்று பன்னாட்டு வல்லுநர் குழு ஒன்று 2017இல் அழுத்தமாகப் பரிந்துரைத்தது.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? பாரத்தை நிறுத்தக் கூடாது, அளந்து கொடுக்க வேண்டும். கைப்பிடியில்லாத நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, மெதுவாக எழுந்து மெதுவாக அமருமாறு நோயாளியிடம் சொல்லிப் பாருங்கள். வலிக்கும் காலைக் காப்பாற்ற உடல் மற்றக் காலுக்குச் சாய்வதும், கடைசி நாலு விரற்கடையில் தொடை தாங்காமல் பொத்தென்று விழுவதும் கண்ணுக்குத் தெரியும். மெலிந்த தொடைத் தசைதான் அங்கே பேசுகிறது. பலகை வைத்து உயரத்தைக் கூட்டினால் அதே ஆள் நேராக எழுவார். அங்கிருந்து வாரந்தோறும் உயரத்தைக் குறைத்துக்கொண்டே வரலாம்.

பயிற்சியின்போது வலித்தால்? குதிகால் நாண் வலிக்கு ஸ்வீடனில் கையாண்ட அளவுகோல் இங்கும் உதவும்: பத்துக்கு ஐந்து வரை வலி பொறுக்கலாம், மறுநாள் காலைக்குள் தணிந்துவிட வேண்டும். தணியாவிட்டால் பயிற்சியைக் கைவிட வேண்டியதில்லை, அளவைக் குறைத்தால் போதும். பருமன் உள்ளவர்களுக்கு எடைக் குறைப்பும் சிகிச்சைதான். ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் மீதான சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது.

மூட்டு சூடாக வீங்கிக் காய்ச்சலும் வந்தாலோ, மடக்க நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்டாலோ, காலை விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தாலோ இந்த வாதம் பொருந்தாது; உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். மற்றவர்களின் சீட்டில் 'படி ஏற வேண்டாம்' என்று எழுதும் இடத்தில் எத்தனை படி, வாரத்தில் எத்தனை நாள், எந்த உயரத்து நாற்காலி என்று மருத்துவர் எழுதலாம்.