வித்தும் நிலமும்: முள்ளந்தண்டைத் தாக்கும் புற்றுநோய் பற்றிய அறிவின் வரலாறு

மருத்துவ வரலாற்றைத் தனி மேதைகளின் வரிசையாக நோக்கும் வழக்கம் இன்றும் முற்றாக நீங்கவில்லை. ஆயின், ஒரு காலகட்டம் எவ்வினாவை எழுப்புகின்றதோ அதுவே அது பெறும் விடையையும் பெரிதும் வரையறுக்கின்றது. வேறோர் உறுப்பில் தோன்றிய புற்றுநோய் முள்ளந்தண்டை அடைந்து அதன் என்புகளை எங்ஙனம் நலிவிக்கின்றது என்பது பற்றிய ஆய்வின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1889இல் இலண்டன் சத்திரசிகிச்சை வைத்தியரான ஸ்ரீபன் பஜெற், மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பேரின் விபரங்களை ஆராய்ந்து லான்செற் இதழிற் கட்டுரை வெளியிட்டார். ஈரலிலும் என்புகளிலும் நோய் மிகுதியாகப் பரவியிருக்க, மண்ணீரலில் அது அருகியே காணப்பட்டது. பரவல் தற்செயலானதாயின் இவ்வேறுபாடு தோன்றாது. எனவே, வித்து எங்கும் சிதறினும் ஏற்ற நிலத்திலேயே முளைக்கும் என அவர் முடிவு செய்தார்.

இக்கருத்து நெடுங்காலம் பின்தள்ளப்பட்டிருந்தது. 1920களில் அமெரிக்க நோயியலாளர் ஜேம்ஸ் யூவிங், குருதியோட்டத்தின் பாதையே பரவலைத் தீர்மானிக்கின்றது என வாதிட்டார். 1940இல் ஒஸ்கார் பற்சன், முள்ளந்தண்டைச் சூழ்ந்த நாளவலையில் வால்வுகள் இல்லை என்பதையும், இருமும்போதும் முக்கும்போதும் வயிற்றறையின் அமுக்கம் கூடுவதால் இடுப்பறைக் குருதி அவ்வலையினுட் புகக்கூடும் என்பதையும் காட்டினார். வித்து வந்த வழி இவ்வாறு ஓரளவு துலங்கியது. வந்தபின் என்பு ஏன் நொறுங்குகின்றது என்னும் வினாவோ எஞ்சியே நின்றது.

புற்றுநோய்க் கலங்கள் என்பை நேரே தின்றுவிடுகின்றன எனக் கருதுவது இயல்பே. உண்மை வேறு. உயிருள்ள என்பில், பழைய என்பை அரிக்கும் கலங்களும் புதிய என்பை ஆக்கும் கலங்களும் இடையறாது இயங்குகின்றன. புற்றுநோய் இச்சமநிலையைக் குலைத்து, உடலின் சொந்தக் கலங்களையே கருவியாக்குகின்றது. 1987இல் பரகேடயச் சுரப்பியின் ஓமோனை ஒத்த ஒரு புரதம் புற்றுநோய்க் கலங்களிலிருந்து பிரித்தறியப்பட்டது. அரிக்கும் கலங்களின் பெருக்கத்தை அது தூண்டுகின்றது. அரிக்கப்படும் என்பிலிருந்து வெளிப்படும் வளர்ச்சிக் காரணிகளோ புற்றுநோயை மேலும் வளர்க்கின்றன. நிலம் வித்தை வளர்க்க, வித்து நிலத்தை அழிக்கும் நச்சுவட்டம் இது.

முள்ளென்பின் உடற்பகுதி திண்மமான கல்லன்று. குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய மெல்லிய சட்டகம். குறுக்குச் சலாகைகள் அற்றுப்போகுமிடத்து நெடுஞ்சலாகைகள் உடற்பாரத்தால் வளைந்து முறிகின்றன. முன்னிற்குஞ் சுரப்பியின் புற்றுநோயிற் பெரும்பாலும் இதற்கு மாறாகப் புதிய என்பு மிகுதியாக உருவாகின்றது. எக்ஸ்கதிர்ப் படத்தில் அது அடர்த்தியாகத் தோன்றினும், ஒழுங்கற்ற அமைப்புடையதாதலின் வலுவற்றதே. அடர்த்தி வேறு, உறுதி வேறு என்பது இங்கு நோக்கற்பாலது.

வினா மாறியபோது சிகிச்சையும் மாறியது. அரிக்கும் கலங்களைக் கட்டுப்படுத்தும் பிஸ்பொஸ்பனேற்று மருந்துகள் முறிவு முதலான என்புச் சிக்கல்களைக் குறைப்பது 1990களில் நிறுவப்பட்டது. 2010இல் டெனோசுமாப் அவற்றோடு சேர்ந்தது. புற்றுக்கட்டியால் முண்ணாண் நசுக்குண்ட, தெரிந்தெடுக்கப்பட்ட நோயாளரிடை நடத்தப்பட்டு 2005இல் வெளிவந்த ஆய்விற் கதிர்ச்சிகிச்சை மட்டும் பெற்றோரில் நூற்றுக்கு 57 பேரும், சத்திரசிகிச்சையும் சேர்த்துப் பெற்றோரில் 84 பேரும் நடக்க வல்லோராயினர்.

ஆயினும், கனிப்பொருளில் ஏறத்தாழ நூற்றுக்கு 30 முதல் 50 பங்கு குறைந்த பின்னரே சாதாரண எக்ஸ்கதிர்ப் படத்தில் அழிவு புலப்படும். புற்றுநோய்க்காளான ஒருவரின் தீராத முதுகுவலியை முதுமையின் இயல்பு என்றோ, படம் தெளிவாயுள்ளது என்றோ ஒதுக்கிவிடுவது, ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஈட்டிய அறிவை ஒதுக்குவதேயாகும். கால்கள் செயலிழந்தபின் பெறும் சிகிச்சை, இழந்த நடையைப் பெரும்பாலும் மீட்பதில்லை. எனவே, இவ்வறிவின் பயன் அது ஆய்வேடுகளில் இடம்பெற்ற ஆண்டைக் கொண்டன்று, நோயாளரைச் சென்றடையும் வேளையைக் கொண்டே அளக்கப்படல் வேண்டும் என்பது நமது துணிபு.