மாசி: சொல்லும் பண்டமும்

தமிழகக் கடற்கரையிலும் ஈழத்திலும் வழங்கும் 'மாசி' என்னும் உணவுப்பெயர் மாசித் திங்களோடு தொடர்புடையது அன்று. சூரை மீனைத் துண்டங்களாக்கி, உப்புநீரில் அவித்து, புகையூட்டி, மரக்கட்டை போல் இறுகும்வரை வெயிலில் உலர்த்திய பண்டத்தையே இது குறிக்கும். அவித்தலும் புகையூட்டலுமே இதனை ஏனைய கருவாட்டினின்றும் வேறுபடுத்துகின்றன.

இம்முறை மாலத்தீவில் தொன்றுதொட்டு வருவது. 1343இல் அங்குச் சென்ற இபின் பதூதா, மீனை நான்காக வெட்டிச் சிறிதே அவித்து, ஓலைக் கூடைகளில் இட்டுப் புகையூட்டியதையும், அஃது இந்தியா, சீனம், ஏமன் ஆகிய நாடுகளுக்குச் சென்றதையும் குறித்துள்ளார்.

மாலத்தீவின் திவேகி மொழியில் 'மஸ்' என்பது மீனின் பொதுப்பெயர். வடமொழி 'மத்ஸ்ய' என்பதோடு உறவுடையது. இதுவே முதல் நீண்டு, ஈற்றில் இகரம் பெற்றுத் தமிழில் 'மாசி' ஆயிற்று எனக் கொள்ளலாம். அங்குப் பொதுப்பெயராக இருந்தது இங்கு ஒரு பண்டத்தின் சிறப்புப்பெயராகச் சுருங்கியது. இலட்சத்தீவில் இப்பண்டத்தை 'மாஸ்மீன்' என்பர். இரு கூறுகளும் மீனையே சுட்டுதலின், முற்கூறின் பொருள் மறைந்த பின்னரே இத்தொடர் அமைந்திருத்தல் வேண்டும்.

பழைய கடல் வணிகத்திற்குப் பயணக்குறிப்பு மட்டுமன்றி, நம் அடுக்களைச் சொல்லும் சான்றாகின்றது. கடற்கரை வட்டாரச் சொற்களைத் தொகுப்போர் இதனைக் கருத்திற் கொள்ளுதல் தகும்.