மணல் வந்த வழி

கடலுக்குள் ஒரு கிணறு நிற்கிறது. கொங்கிரீட் வளையம் இரண்டு. அலை வாங்கும்போது பாசி பிடித்த விளிம்பு தெரியும், அடுத்த அலையில் மறையும். ஒரு காலத்தில் கரைவலைக்காரரின் வாடிக்குப் பக்கத்தில் இருந்த நல்லதண்ணிக் கிணறு அது. தரம் 11 பிள்ளைகளை அதற்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, "இது ஏன் இங்க நிக்கிது?" என்று கேட்டேன்.

"சுனாமி சேர்" என்றான் ஒருவன். மற்றவர்களும் தலையாட்டினார்கள்.

2004 இல் அவர்களில் ஒருவரும் பிறக்கவில்லை. ஆனாலும் எங்கள் கரையில் கடல் செய்கிற எல்லாவற்றுக்கும் அவர்களிடம் இருப்பது அந்த ஒரு சொல்தான். அதைக் குறை சொல்லவும் முடியாது. ஒவ்வொரு வீட்டிலும் அந்த நாளில் போனவர்களின் பெயர் இருக்கிறது.

நான் தமிழில் சிறப்புப் பட்டம் பெற்றவன். புவியியல் ஆசிரியர் இடமாற்றம் கிடைத்துப் போனதும் அந்தப் பாடம் என் தலையில் விழுந்தது. என் பாடக்குறிப்பில் ஆற்று வெள்ளம் ஒரு வாரம், கரையோர அரிப்பு இன்னொரு வாரம். இரண்டுக்கும் நடுவில் தவணைப் பரீட்சை. முதல் வருஷம் அப்படியே படிப்பித்தும் முடித்தேன். பிறகு எங்கள் பிரதேசத்தின் பழங்கதையைக் கொஞ்சம் கிளறியபோதுதான், நான் ஒரே கதையை இரண்டாக வெட்டிப் படிப்பித்திருக்கிறேன் என்று விளங்கியது.

கல்முனையிலிருந்து தெற்கே போகும் பிரதான வீதியை நினைத்துப் பாருங்கள். சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று. எல்லாம் கடலுக்குச் சமாந்தரமாகக் கிடக்கும் மணல் நிலத்தில் ஒட்டி ஒட்டி அமைந்த ஊர்கள். மேற்கே இறங்கினால் வட்டை. ஊருக்குள் கிணறு தோண்டினால் மணல், வட்டையில் தோண்டினால் களி. மலையில் உடைந்த கல்லை ஆறு மணலாக்கிக் கொண்டுவந்து கடலில் கொட்ட, கடல் அதை வாங்கிக் கரை நெடுக இழுத்துப் பரப்பியது. அப்படிச் சேர்ந்த மேட்டில்தான் நாம் பள்ளிவாசலும் பாடசாலையும் கட்டிக் குடியிருக்கிறோம். மாரி வெள்ளம் வராமல் இருந்திருந்தால் இந்த ஊர்களே இல்லை.

என் மூத்தம்மா காலத்தைக் கணக்குப் பண்ணுவதே வெள்ளத்தை வைத்துத்தான். 1957 டிசம்பர் அவவுக்கு 'வெள்ளம் அடிச்ச வருஷம்'. "மேற்கால வெள்ளம், கிழக்கால கடல், நடுவால நாம, மனே" என்று கையைக் கத்தி மாதிரி நிறுத்திக் காட்டுவா. வட்டைப் பக்கத்துச் சனம் மாடு கண்டுகளோடு ஊர் மேட்டுக்கு ஏறி வந்ததாம். அப்போது ஆம்பிளைகள் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போனது முகத்துவாரத்துக்கு. ஆற்றுவாயை அடைத்துக் கிடக்கும் மணல் திட்டை வெட்டிவிட்டால் வெள்ளம் தானே வழியைப் பெருப்பித்துக்கொண்டு கடலுக்குள் பாயும். எப்போது வெட்டுவது என்பதில் வட்டைக்காரருக்கும் மீன்பிடிகாரருக்கும் எப்போதும் இழுபறி. பிந்தினால் வேளாண்மை அழுகும், முந்தினால் உப்புத் தண்ணி உள்ளே ஏறும். இன்றைக்கும் கிழக்கில் மாரி வந்தால் இந்தப் பேச்சு வரும். அந்தச் சண்டையில் ஒருவரும் கணக்கில் எடுக்காத ஒன்று, வெள்ளத்தோடு போன மணல்.

1957 வெள்ளம் வந்தபோது இங்கினியாகலை அணைக்கு ஆறு வயது. டி.எஸ். சேனநாயக்க பிரதமராக இருந்த காலத்தில் 1949 இல் தொடங்கி 1951 இல் முடித்த கல்லோயாத் திட்டத்தின் அணை அது. பட்டிப்பளை ஆறு என்று நம்மவர் சொன்ன ஆற்றின் பெயரும் அதோடு மாறிற்று. குடியேற்றத்தைப் பற்றியும் காணியைப் பற்றியும் நிறைய எழுதியாயிற்று, எழுதவும் வேண்டும். நான் பார்க்கப் போவது வேறொன்றை. ஆறு தேங்கி நிற்கும் இடத்தில் வேகம் செத்துவிடும், வேகம் செத்தால் பாரமான மணல் அடியில் படியும். சேனநாயக்க சமுத்திரம் தேக்கியது தண்ணீரை மட்டும் என்று நாம் நினைத்திருந்தோம். அணைக்குக் கீழேயும் மழை பெய்யும் என்பதால் வெள்ளம் நிற்கவில்லை. 1957 உம் வந்தது, 2011 ஜனவரியும் வந்தது. மலை மணலில்தான் ஒரு பங்கு குளத்தடியில் தங்கிவிட்டது.

அதற்காக அணையை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் அது அநியாயம். அணை கட்டிய பிறகும் அரை நூற்றாண்டுக்கு மேல் எங்கள் கரை தாக்குப்பிடித்தது. தெற்கிலிருந்து மணல் வந்துகொண்டிருந்தது அதற்கொரு காரணம். வாடைக்காற்றுக் காலத்தில் அலை மணலைத் தெற்கே தள்ளும். ஆனால் வருஷத்தின் பெரும்பகுதி அலை தென்கிழக்கிலிருந்து சரிந்து அடிப்பதால், கூட்டிக் கழித்தால் மணல் வடக்கே நகரும். இதைக் கரைவலைக்காரர் கால் பழக்கத்தில் அறிவார்கள்.

அந்த ஓட்டத்துக்குக் குறுக்கேதான் ஒலுவில் துறைமுகத்தின் கல்லணைகள் கடலுக்குள் நீண்டன. மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரப் கண்ட கனவு அது. அவர் 2000 இல் மறைந்தார். டென்மார்க்கின் கடனுதவியோடு 2008 இல் வேலை தொடங்கி 2013 இல் துறைமுகம் திறக்கப்பட்டது. நமக்கென்று ஒரு துறைமுகம் என்று அன்று சந்தோசப்பட்டவர்களில் நானும் ஒருவன். அந்தச் சந்தோசம் பொய்யில்லை. ஆனால் வடக்கே போக வேண்டிய மணல் அணைக்குத் தெற்கே ஒதுங்கிற்று. துறைமுக வாயையும் அடைத்தது. வடக்குக் கரைக்கு வரவு நின்றது, அலையின் செலவு நிற்கவில்லை. தென்னந்தோட்டங்கள் வேரோடு சரிந்தன. வாயைத் தோண்டித் தாருங்கள் என்று படகுக்காரர், முதலில் கரையைக் காப்பாற்றுங்கள் என்று காணிக்காரர். இரண்டு பேரும் நம்மவர்தான். முகத்துவாரத்தில் நடந்த பழைய வழக்கு இன்னொரு வாயில் திரும்பவும் நடக்கிறது. பாறாங்கல் போட்ட இடம் கொஞ்சம் தப்பும், அதற்கு வடக்கே உள்ள இடம் கரையும். கல் கேட்கிற ஒவ்வொரு ஊரும் அடுத்த ஊரை ஒரு தரம் நினைக்க வேண்டியிருக்கிறது. மேடையில் இதைச் சொன்னால் யாருக்கும் பிடிக்காது.

மேற்குக் கரையில் மகாஓயாவில் அளவில்லாமல் மணல் அள்ளியதும், நீர்கொழும்புக்கு வடக்கே கடல் கரையைத் தின்றதும் இதே கணக்குத்தான். ஆற்றில் லொறி லொறியாக மணல் ஏற்றுகிறவர் கடலை நினைப்பதில்லை.

கிணற்றடியில் நின்று இவ்வளவையும் மணலில் கோடு கீறிச் சொன்னேன். முடித்ததும் பின்னால் நின்ற ஒரு பிள்ளை கேட்டது:

"அப்ப சேர், வெள்ளம் நல்லதா?"

வட்டையில் வேளாண்மை செய்கிறவரின் மகள். 2011 இல் அவளுடைய வாப்பாவின் வயல் முழுக்க அழிந்தது. நான் உடனே வாய் திறக்கவில்லை.

"பரீட்சையில அப்படிக் கேக்க மாட்டாங்க புள்ள" என்று ஒரு மழுப்பல் மழுப்பினேன். அவள் விடவில்லை. "நீங்கதானே சேர் இப்ப சொன்னீங்க, வெள்ளம் இல்லாட்டி ஊரே இல்லெண்டு."

அடுத்த நாள் வகுப்பில் இரண்டு பாடக்குறிப்பையும் ஒன்றாக்கி, அவள் கேட்ட கேள்வியைக் கரும்பலகையில் தலைப்பாக எழுதினேன். கடற்கரையில் மிஞ்சியிருக்கும் முதல் தென்னையில் சிவப்புப் பெயின்ற் அடித்திருக்கிறோம். தவணைக்கு ஒரு தரம் அந்த மரத்திலிருந்து தண்ணீர் விளிம்பு வரை எட்டுப் போட்டு அளந்து ஒரு கொப்பியில் எழுதுவதாக ஏற்பாடு. யாருடைய எட்டைக் கணக்கில் எடுப்பது என்று பெடியன்மார் இப்போதே சண்டை பிடிக்கிறார்கள்.