பர்னார்டு நட்சத்திரம்: வானத்தில் வேகமாக ‘ஓடும்’ பக்கத்து வீட்டுக்காரர்

புனேவின் லோஹேகாவில் குடியிருப்பவர்களுக்கு இது தினசரிக் காட்சி. தரையிறங்க வரும் விமானம் மொட்டை மாடிக்கு மேலே சர்ரென்று கடந்துவிடும். அதைவிட சுமார் மூன்று மடங்கு வேகத்தில், 35,000 அடி உயரத்தில் போகும் விமானமோ ஊர்வது போலத்தான் தெரியும்.

நட்சத்திரங்களும் அப்படித்தான். எல்லாமே ஓடிக்கொண்டிருக்கின்றன, தூரம் அதை மறைத்துவிடுகிறது. கிட்டத்தில் இருப்பதுதான் மாட்டிக்கொள்ளும். சுமார் 6 ஒளியாண்டு தூரத்தில் உள்ள பர்னார்டு நட்சத்திரம் அப்படி மாட்டியது 1916-ல். அமெரிக்க வானியலாளர் எட்வர்டு எமர்சன் பர்னார்டு, 1894-ல் எடுத்த புகைப்படத் தகட்டோடு புதிய தகட்டை ஒப்பிட்டபோது ஒரு புள்ளி இடம் மாறியிருந்தது.

எவ்வளவு வேகம்?

ஆண்டுக்கு சுமார் 10.4 வில்விநாடி. ஒரு டிகிரிக்கு 3,600 வில்விநாடி என்பதால், முழு நிலாவின் அகலத்தைக் கடக்கவே ஏறக்குறைய 180 ஆண்டுகள் ஆகும். ‘இதுதான் வேகமா?’ என்று தோன்றலாம். ஆனால் நாம் அறிந்த நட்சத்திரங்களில் இதை முந்தும் ஆள் இல்லை.

கிரகங்கள் இருக்கிறதா?

இருக்கிறது. ஆனால் அதை உறுதிசெய்வதற்குள் படாத பாடு! நட்சத்திரம் லேசாகத் தள்ளாடுகிறது, எனவே வியாழன் போன்ற கிரகம் இருக்கிறது என்று 1963-ல் அறிவித்தார் பீட்டர் வான் டி காம்ப். தள்ளாடியது நட்சத்திரம் அல்ல, தொலைநோக்கி. அதன் லென்ஸில் கைவைத்தபோதெல்லாம் மற்ற நட்சத்திரங்களும் சேர்ந்தே ‘துள்ளியது’ 1973-ல் தெரியவந்தது. டேட்டாவோடு மல்லுக்கட்டுபவர்களுக்கு இந்த வலி புரியும். 2018-ல் அறிவித்த இன்னொரு கிரகமும் நிலைக்கவில்லை. 2024-ல் ஒன்று, 2025-ல் மொத்தம் நான்கு என உறுதியானது. நான்குமே பூமியைவிட எடை குறைந்தவை, ஒரு வாரத்துக்குள் ஒரு சுற்றை முடித்துவிடுபவை.

வெறுங்கண்ணால் பார்க்கலாமா?

முடியாது, மிக மங்கல். பதிலுக்கு, இதைவிட நெருக்கமான ஆல்ஃபா சென்டாரியைப் பார்க்கலாம். அது ஒன்றல்ல, இரட்டை என்று 1689-ல் நம்ம புதுச்சேரியிலிருந்து கண்டவர் பிரெஞ்சு பாதிரியார் ழான் ரிஷோ. வால்நட்சத்திரம் ஒன்றைப் பார்க்கப்போய்க் கிடைத்த போனஸ் அது! அன்றிலிருந்து இன்றுவரை அது நிலாவின் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு நகர்ந்திருக்கிறது.

மே மாத நள்ளிரவில் லோஹேகாவ் மாடியிலிருந்து தெற்கே பாருங்கள். அடிவானத்துக்கு சுமார் 10 டிகிரி மேலே, கையை நீட்டிப் பிடித்த ஒரு முஷ்டி உயரத்தில், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பிரகாசமான நட்சத்திரங்கள் தெரியும். இடதுபக்கம் இருப்பதுதான் ஆல்ஃபா சென்டாரி.