புதுக்கடை துப்பாக்கிச் சூடும் அரசு ஆவணங்களைக் கேட்டறியும் உரிமையும்

புதுக்கடை, கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் உள்ள ஒரு பேரூர். முன்பு விளவங்கோடு வட்டத்தில் இருந்த இவ்வூர், இப்போது அதிலிருந்து பிரிக்கப்பட்ட கிள்ளியூர் வட்டத்தில் உள்ளது. 1954 ஆகஸ்ட் 11 அன்று இங்கும் மார்த்தாண்டத்திலும் காவல்துறை நடத்திய துப்பாக்கிச் சூட்டால் தெற்கெல்லைப் போராட்ட வரலாற்றில் இவ்வூரின் பெயர் நிலைத்துள்ளது. அந்த நிகழ்வைப் பற்றிய நூல்களும் நினைவுக் குறிப்புகளும் பல உள்ளன. எனினும் இறந்தோர் எண்ணிக்கை நூலுக்கு நூல் வேறுபடுகிறது. இத்தகைய வேறுபாட்டைத் தீர்க்க வல்லவை அக்கால அரசு ஆவணங்களே. அந்த ஆவணங்கள் எந்த அரசிடம் போய்ச் சேர்ந்தன, அவற்றைக் கேட்டுப் பெறும் உரிமை குடிமக்களுக்கு எவ்வாறு கிடைத்தது, அந்த உரிமையின் எல்லை எது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

போராட்டத்தின் பின்னணி

1949 ஜூலை 1 அன்று திருவிதாங்கூர், கொச்சி ஆகிய இரு சமஸ்தானங்களும் இணைந்து திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம் உருவாயிற்று. தமிழர் பெரும்பான்மையாக வாழ்ந்த தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை, தேவிகுளம், பீர்மேடு முதலிய பகுதிகள் அம்மாநிலத்தில் அடங்கின. இவற்றைச் சென்னை மாநிலத்துடன் இணைக்க வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. மார்ஷல் நேசமணி இவ்வியக்கத்தின் முதன்மைத் தலைவர்களுள் ஒருவர்.

1954ஆம் ஆண்டுத் தேர்தலுக்குப் பின் பிரஜா சோசலிஸ்ட் கட்சியைச் சேர்ந்த பட்டம் தாணுப்பிள்ளை காங்கிரசின் ஆதரவுடன் முதலமைச்சரானார். அவ்வாண்டு ஆகஸ்ட் தொடக்கத்தில் தேவிகுளம், பீர்மேடு பகுதிகளில் நடந்த போராட்டத்தில் நேசமணி உள்ளிட்டோர் கைது செய்யப்பட்டனர். இதனைத் தொடர்ந்து ஆகஸ்ட் 11 விடுதலை நாளாகக் கடைப்பிடிக்கப்பட்டது. அன்று புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும் கூடிய மக்கள்மீது காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. உயிரிழப்புகள் நேர்ந்தன. பலர் காயமுற்றனர், பலர் சிறைப்பட்டனர்.

இந்நிகழ்வு மாநில எல்லையைக் கடந்து இந்திய அரசியலையே பாதித்தது. பிரஜா சோசலிஸ்ட் கட்சியின் பொதுச் செயலாளராக இருந்த ராம் மனோகர் லோகியா, தம் கட்சி ஆட்சியே மக்களைச் சுட்டது தகாது என்றும், நீதி விசாரணை நடத்தப்பட வேண்டும் என்றும், அமைச்சரவை பதவி விலக வேண்டும் என்றும் கோரினார். 1954 நவம்பரில் நாகபுரியில் கூடிய கட்சி மாநாடு அமைச்சரவை விலக வேண்டும் என்ற கருத்தை ஏற்கவில்லை. லோகியா பின்னர் அக்கட்சியிலிருந்து பிரிந்து தனிக் கட்சி கண்டதற்கு இதுவும் ஒரு காரணம். பட்டம் அமைச்சரவை 1955 பிப்ரவரியில் வீழ்ந்தது.

நிலம் பிரிந்தது, கோப்புகள் பிரியவில்லை

பசல் அலி தலைமையில் அமைந்த மாநிலச் சீரமைப்பு ஆணையம் 1955 செப்டம்பர் 30 அன்று தன் அறிக்கையை அளித்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நான்கு தென் வட்டங்களும் கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன.

வட்டங்களைப் பிரிப்பதற்குச் சட்டத்தில் ஒரு நாள் குறித்தால் போதும். ஆவணங்களைப் பிரிப்பது அவ்வளவு எளிதன்று. வட்ட அலுவலகங்களிலும் சார்பதிவாளர் அலுவலகங்களிலும் இருந்த நிலப் பதிவேடுகள் நிலத்தோடு தமிழ்நாட்டின் பொறுப்பில் வந்தன. தலைமைச் செயலகத்துக் கோப்புகளும் சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகளும் தலைநகரமான திருவனந்தபுரத்தில் உருவானவை. எனவே புதுக்கடை தமிழ்நாட்டில் இருந்தாலும், அங்கு நடந்த துப்பாக்கிச் சூட்டைப் பற்றி ஓர் ஆய்வாளர் தேட வேண்டிய முதன்மையான இடம் கேரள மாநில ஆவணக் காப்பகமே. சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில், இணைப்புக் கோரிக்கையைப் பற்றிச் சென்னை அரசு அந்நாளில் கையாண்ட கோப்புகளைத் தேடலாம்.

மொழியும் ஒரு தடையாக உள்ளது. கன்னியாகுமரி மாவட்டத்தின் பழைய பத்திரங்களும் நிலப் பதிவேடுகளும் பெரும்பாலும் மலையாளத்தில் எழுதப்பட்டவை. மன்னராட்சிக் காலத்தவை கொல்லம் ஆண்டைக் கொண்டு நாள் குறிப்பவை. 1954 ஆகஸ்ட் 11 என்பது கொல்லம் 1129ஆம் ஆண்டின் கர்க்கடக மாதத்தில், அதாவது ஆடியில், அமைகிறது. சொத்துத் தகராறு ஒன்றிற்காக முன்னோர் பத்திரத்தைத் தேடும் விளவங்கோட்டுக் குடும்பத்தினர் இந்தக் கணக்கை அறியாமல் பதிவேட்டின் பக்கத்தைக்கூடக் குறிப்பிட இயலாது.

மறைப்பதே விதியாக இருந்த காலம்

1954இல் துப்பாக்கிச் சூட்டில் உறவினரை இழந்த ஒருவர், சுட ஆணையிட்ட கோப்பைக் காட்டுமாறு அரசைக் கேட்டிருந்தால், அதைக் காட்ட வேண்டிய சட்டக் கடமை எந்த அலுவலருக்கும் இல்லை. பிரித்தானிய ஆட்சி 1923இல் இயற்றிய அலுவலக இரகசியச் சட்டம் விடுதலைக்குப் பின்னும் தொடர்ந்தது. மனு கொடுக்கும் வழக்கம் மட்டும் திருவிதாங்கூரில் பழமையானது. 1904இல் தொடங்கப்பட்ட ஸ்ரீமூலம் பிரஜா சபையில் ஊர்ப் பிரதிநிதிகள் தம் குறைகளை அரசின்முன் வைத்தனர். ஆனால் குறையைச் சொல்வது வேறு, அக்குறை தொடர்பாக அரசு எழுதிவைத்திருப்பதைப் படிப்பது வேறு. முன்னது அரசின் தயவைச் சார்ந்தது. பின்னது உரிமையாக மலர மேலும் நூறாண்டு ஆயிற்று.

உலக அளவில் இவ்வுரிமையை முதலில் சட்டமாக்கிய நாடு சுவீடன். அங்கு 1766இல் இயற்றப்பட்ட அச்சு உரிமைச் சட்டம் அரசு ஆவணங்களைப் பார்க்கும் உரிமையையும் அளித்தது. அமெரிக்கா 1966இல் இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. இலங்கையின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016இல் நிறைவேறி, 2017 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது.

இந்தியாவில் 1975ஆம் ஆண்டு உத்தரப் பிரதேச அரசுக்கும் ராஜ் நாராயணுக்கும் இடையிலான வழக்கில், அரசின் பொதுச் செயல்களை அறியும் உரிமை மக்களுக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் கூறியது. அத்தீர்ப்பில் இதனை எழுதியவர் நீதிபதி கே. கே. மாத்யூ. எனினும் நீதிமன்றம் கூறிய கொள்கையை ஊர் அலுவலகம் வரை கொண்டு சேர்த்தது இராசஸ்தானின் உழவர், கூலித் தொழிலாளர் இயக்கமே. 1990இல் தோன்றிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்னும் அமைப்பு, கூலிப் பட்டியல்களின் நகலைக் கேட்டுப் போராடியது. சென்னையில் பிறந்த அருணா ராய் அதன் நிறுவனர்களுள் ஒருவர். வேலை செய்யாதவர் பெயரிலும் கட்டாத கட்டடத்தின் பெயரிலும் பணம் எடுக்கப்பட்டிருப்பதை, அந்தப் பட்டியல்களை ஊர்மக்கள் முன் உரக்கப் படித்து அவர்கள் மெய்ப்பித்தனர்.

1997 சட்டமும் 2005 சட்டமும்

தகவல் பெறும் உரிமைக்கு இந்தியாவிலேயே முதலில் சட்டம் இயற்றிய மாநிலம் தமிழ்நாடு. 1997இல் நிறைவேறிய அச்சட்டம் முன்னோடியானது என்றாலும் வலுவற்றது. விலக்குகள் மிகுதியாக இருந்தன. தகவல் தர மறுக்கும் அலுவலருக்குத் தண்டம் இல்லை. நாடாளுமன்றம் 2002இல் இயற்றிய தகவல் சுதந்திரச் சட்டம் நடைமுறைக்கே வரவில்லை. அதன்பின் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 அக்டோபர் 12 முதல் முழுமையாகச் செயற்பட்டது.

இச்சட்டத்தின் முதன்மைக் கூறுகள் பின்வருமாறு:

• விண்ணப்பிப்பவர் ஏன் கேட்கிறார் என்பதற்குக் காரணம் கூற வேண்டியதில்லை.
• பொதுத் தகவல் அலுவலர் 30 நாட்களுக்குள் விடையளிக்க வேண்டும். உயிர் அல்லது தனிமனித விடுதலை தொடர்பானது எனில் 48 மணி நேரத்துக்குள் அளிக்க வேண்டும்.
• கேட்கப்பட்ட தகவல் வேறோர் அலுவலகத்தில் இருந்தால், விண்ணப்பத்தை 5 நாட்களுக்குள் அங்கு மாற்றி அனுப்ப வேண்டும்.
• விடை கிடைக்காவிடில் அல்லது நிறைவளிக்காவிடில் 30 நாட்களுக்குள் அதே துறையின் மேல் அலுவலரிடம் முதல் மேல்முறையீடு செய்யலாம். அதன்பின் 90 நாட்களுக்குள் தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு செய்யலாம்.
• தக்க காரணமின்றித் தாமதிக்கும் அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிக அளவாக 25,000 ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம்.
• நகல் பெறுவது மட்டுமன்றி, கோப்பை நேரில் பார்வையிடவும் குறிப்பெடுக்கவும் உரிமை உண்டு.

தமிழ்நாட்டில் விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய். நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டி அதைச் செலுத்தும் வழக்கம் பரவலாக உள்ளது.

இருபது ஆண்டு விதி

புதுக்கடை போன்ற பழைய நிகழ்வுகளுக்குச் சட்டத்தின் 8(3) ஆம் பிரிவு மிக முக்கியமானது. விண்ணப்பம் தரும் நாளுக்கு 20 ஆண்டுகளுக்கு முன் நடந்த எந்த நிகழ்வைப் பற்றிய தகவலுக்கும் பெரும்பாலான விலக்குகள் பொருந்தா. மூன்று விலக்குகள் மட்டுமே எஞ்சும். அவை நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு முதலியவை தொடர்பானவை, சட்டமன்ற நாடாளுமன்ற உரிமை மீறல் தொடர்பானவை, அமைச்சரவைக் குறிப்புகள் தொடர்பானவை. காவல்துறை விசாரணைக்கு இடையூறு, தனிமனித அந்தரங்கம் ஆகிய காரணங்களை 1954ஆம் ஆண்டுக் கோப்புக்கு எதிராகக் கூற இப்பிரிவு இடம் தருவதில்லை. தனிநபர் தகவல் குறித்த 8(1)(ஜே) என்னும் விலக்கை 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் விரிவாக்கியது. ஆயினும் அவ்விலக்கு மேற்கண்ட மூன்றனுள் ஒன்றன்று.

விண்ணப்பத்தை எழுதும் முறையும் கருதத்தக்கது. இச்சட்டம் பதிவில் உள்ளதை மட்டுமே தரும், விளக்கத்தையோ கருத்தையோ தராது. "1954இல் ஏன் சுட்டார்கள்?" என்று கேட்டால் விடை கிடைக்காது. "11.08.1954 அன்று புதுக்கடையில் நடந்த துப்பாக்கிச் சூடு தொடர்பாகத் தங்களிடம் உள்ள கோப்புகளின் பட்டியல், ஆணைகள், அறிக்கைகள் ஆகியவற்றின் சான்றிட்ட நகல்" என்று கேட்டால் அது முறையான விண்ணப்பம். முதலில் பட்டியலைப் பெற்று, கோப்பு எண்ணை அறிந்து, பின்னர் கோப்பைப் பார்வையிடக் கேட்பது பயன்தரும். கோப்புகள் கேரளத்தில் இருப்பின் விண்ணப்பத்தை அங்கேயே நேரடியாக அனுப்புவது காலத்தை மிச்சப்படுத்தும். நீதிமன்றப் பதிவேடுகளின் நகலை அந்தந்த நீதிமன்ற விதிகளின்படியே பெற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்துள்ளது.

கோப்பு கிடைக்கவில்லை என்னும் விடை

பழைய ஆவணங்களைக் கேட்போர் அடிக்கடி பெறும் விடை "கோப்பு கிடைக்கவில்லை" என்பதாகும். எல்லாக் கோப்புகளும் என்றென்றும் காக்கப்படுவன அல்ல என்பது உண்மை. அரசு அலுவலகங்களில் கோப்பின் தன்மைக்கு ஏற்ப அதை வைத்திருக்கும் காலம் வகுக்கப்படுகிறது. சில சில ஆண்டுகளில் அழிக்கப்படும், சில நிலையாகக் காக்கப்படும். 1993ஆம் ஆண்டின் பொது ஆவணச் சட்டம் மத்திய அரசு, ஒன்றியப் பகுதிகள் ஆகியவற்றின் ஆவணங்களையே ஆள்கிறது. மாநிலக் கோப்புகளுக்கு அந்தந்த மாநிலத்தின் விதிகளே அடிப்படை.

ஆயினும் விதிப்படி அழிக்கப்பட்ட கோப்பும் காணாமற்போன கோப்பும் ஒன்றல்ல. ஒருகாலத்தில் அரசிடம் இருந்த தகவலைக் காணவில்லை என்று சொல்லி மட்டும் மறுக்க முடியாது, அதை முறையாகத் தேடவும் பொறுப்பானவரைக் கண்டறியவும் வேண்டும் என்று தில்லி உயர் நீதிமன்றம் 2013இல் கூறியது. எனவே அழிக்கப்பட்டது என்ற விடை வந்தால், அழிப்புக்கான ஆணையையும் பதிவேட்டின் நகலையும் கேட்கலாம்.

இன்றைய பொருத்தம்

புதுக்கடையில் தியாகிகளுக்கு நினைவுச் சின்னம் உள்ளது. எல்லைப் போராட்டத்தில் பங்குகொண்டோரை எல்லைக் காவலர் எனப் போற்றித் தமிழ்நாடு அரசு உதவித்தொகை வழங்கி வருகிறது. இத்தகைய உதவியைப் பெற ஒருவர் போராடியதற்கோ சிறை சென்றதற்கோ சான்று வேண்டும். அக்காலக் காவல், சிறைப் பதிவேடுகளோ இன்று இல்லாத ஒரு மாநிலத்தின் பெயரால் எழுதப்பட்டவை. தம் ஊர் தமிழ்நாட்டில் சேர வேண்டும் என்று சிறை சென்றவர், அதை மெய்ப்பிக்கும் தாளுக்கு எல்லைக்கு அப்பால் செல்ல நேர்ந்தது இவ்வரலாற்றின் முரண்.

1954இல் உயிரிழந்தோரின் குடும்பங்களுக்கு அரசின் பதிவைக் காணும் உரிமை இல்லை. 2005 முதல் அவ்வுரிமை அவர்தம் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் மட்டுமன்றி எல்லாக் குடிமக்களுக்கும் உண்டு. அதைப் பயன்படுத்துவதற்குரிய காலம் ஆவணங்களின் ஆயுளைப் பொறுத்தது. தாள் பழுப்பதற்கும் பழைய மலையாளக் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவதற்கும் முன், மாணவர்களும் ஆய்வாளர்களும் இப்பதிவுகளைக் கேட்டுப் பெற்று வெளியிடுவார்களாயின், நினைவுச் சின்னத்தின்முன் நிற்போர் அந்நாளின் நிகழ்வை அரசே எழுதிவைத்த சொற்களிலும் படிக்க இயலும்.