எம்ஆர்என்ஏ தடுப்பூசி நம் மரபணுவை மாற்றுமா? உயிரணுவுக்குள் நடப்பது என்ன?

மலேசியாவில் கோவிட்-19 தடுப்பூசித் திட்டம் 2021 பிப்ரவரி 24ஆம் தேதி தொடங்கியது. அன்று அப்போதைய பிரதமர் டான் ஸ்ரீ முஹிடின் யாசின் போட்டுக்கொண்டது பைசர் தடுப்பூசி. சிங்கப்பூரில் அதே ஊசியை 2020 டிசம்பர் 30ஆம் தேதியே போடத் தொடங்கிவிட்டார்கள். ஊசியோடு சேர்ந்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு பேச்சும் பரவியது. இது டிஎன்ஏ-வையே மாற்றிவிடும், பிறக்கப்போகும் பிள்ளைகளையும் விடாது என்பதே அந்தப் பேச்சு. அதை நம்பி ஊசியைத் தள்ளிப்போட்ட பெரியவர்களும், பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று சொன்ன பெற்றோரும் உண்டு. சந்தேகம் கேட்பதில் தவறில்லை. அதற்குத் தெளிவான பதிலும் இருக்கிறது.

நம் உடலின் பெரும்பாலான வகை உயிரணுக்களுக்குள் உட்கரு என்ற ஓர் அறை உண்டு. டிஎன்ஏ அங்கேதான் 46 குரோமோசோம்களாகப் பாதுகாக்கப்படுகிறது. கண்ணின் நிறம் முதல் இன்சுலின் வரை உடலுக்குத் தேவையான எல்லாவற்றுக்கும் அதில் குறிப்பு உள்ளது. ஆனால், புரதம் தயாரிக்கும் வேலை அந்த அறைக்குள் நடப்பதில்லை. வெளியே உள்ள ரைபோசோம்களே அதைச் செய்கின்றன.

பழைய தோட்டங்களை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். செக்ரோல் புத்தகம் ஆபீசை விட்டு வெளியே போகாது. அன்றைக்கு எந்த நிரையில் என்ன வேலை என்பதைக் கிராணி ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தால், அந்தச் சீட்டு மட்டும் வேலைக்காட்டுக்குப் போகும். வேலை முடிந்ததும் சீட்டைக் கிழித்துப் போடுவார்கள். உயிரணுவில் அந்தச் சீட்டுதான் எம்ஆர்என்ஏ. தூது ஆர்என்ஏ என்றும் இதைச் சொல்வதுண்டு. 1961இல் விஞ்ஞானிகள் கண்டறிந்த இது, நம் உடலில் ஒவ்வொரு நிமிடமும் ஆயிரக்கணக்கில் எழுதப்பட்டு, படிக்கப்பட்டு, அழிக்கப்படுகிறது.

தடுப்பூசியில் இருப்பது வெளியிலிருந்து எழுதி அனுப்பிய அப்படிப்பட்ட ஒரு சீட்டு. கொரோனா கிருமியின் மேல்புறத்தில் முள்போல நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்பைக் புரதத்தை எப்படித் தயாரிப்பது என்ற குறிப்பு மட்டுமே அதில் இருக்கும். முழுக் கிருமியின் குறிப்பு சுமார் 30,000 எழுத்துகள் கொண்டது. ஊசியில் உள்ளதோ ஏறக்குறைய 4,000 எழுத்துகள். எனவே அதிலிருந்து கிருமி உருவாக வழியில்லை. பெரியவர்களுக்கான பைசர் ஊசி ஒன்றில் 30 மைக்ரோகிராம் எம்ஆர்என்ஏ, நுண்ணிய கொழுப்பு உருண்டைகளுக்குள் வைக்கப்பட்டிருக்கும். அந்த உறை இல்லாவிட்டால் அது உயிரணுவுக்குள் போகும் முன்பே சிதைந்துவிடும். தொடக்கத்தில் இந்த ஊசி மருந்தை சுழியத்துக்குக் கீழே 70 பாகை குளிரில் வைக்க வேண்டியிருந்ததும் எம்ஆர்என்ஏ அவ்வளவு எளிதில் கெடும் என்பதால்தான்.

கைத்தசையில் ஊசி போட்டதும் கொழுப்பு உருண்டைகள் அங்குள்ள உயிரணுக்களுக்குள் நுழைகின்றன. ரைபோசோம் சீட்டைப் படித்து ஸ்பைக் புரதத்தைச் செய்கிறது. அந்தப் புரதமும் அதன் துண்டுகளும் உயிரணுவின் மேற்பரப்பில் தோன்றும்போது, நோய் எதிர்ப்பு அணுக்கள் அதை அந்நியப் பொருள் என அடையாளம் காண்கின்றன. கையிடுக்கில் உள்ள நிணநீர்க் கணுக்களில் இந்தப் பயிற்சி மும்முரமாக நடக்கும். சிலருக்கு அங்கே வீக்கமும், ஓரிரு நாள் காய்ச்சலும் வருவது இதனால்தான். பிறகு உண்மையான கிருமி வரும்போது, அதை அறிந்த படை உடலில் தயாராக இருக்கும். சீட்டு பெரும்பாலும் சில நாட்களில் அழிந்துவிடும். நிணநீர்க் கணுக்களில் மட்டும் அதன் எச்சம் சில வாரங்கள் வரை காணப்பட்டதுண்டு.

இனி டிஎன்ஏ விஷயம். எம்ஆர்என்ஏ உட்கருவிலிருந்து வெளியே வரும் பொருள். ஊசியில் வந்த எம்ஆர்என்ஏ உட்கருவுக்குள் போக வேண்டிய தேவையே இல்லை. உள்ளே போனதாக வைத்துக்கொண்டாலும், ஆர்என்ஏ-வின் எழுத்தும் டிஎன்ஏ-வின் எழுத்தும் வேறு. ஒன்றை மற்றொன்றாக மாற்றி எழுத ஒரு தனி நொதி வேண்டும். அப்படி எழுதியதைக் குரோமோசோமில் ஒட்டவும் ஏற்பாடு வேண்டும். எச்ஐவி கிருமி இரண்டு வேலைக்கும் சொந்தமாக நொதிகளைக் கொண்டுவருகிறது. தடுப்பூசியில் இரண்டுமே கிடையாது.

2022இல் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று பலருக்கும் அனுப்பப்பட்டது. கண்ணாடிக் கலத்தில் வளர்த்த கல்லீரல் புற்றுநோய் உயிரணுக்களில், பைசர் எம்ஆர்என்ஏ-விலிருந்து டிஎன்ஏ படி உருவானதை அது காட்டியது. ஆய்வு உண்மையானதுதான். ஆனால் அந்தப் படி குரோமோசோமில் சேர்ந்ததாக அது காட்டவில்லை. புற்றுநோய் உயிரணுக்கள் பல விதங்களில் இயல்பு மாறியவை. ஆகவே ஆய்வுக்கூடத்தில் அவற்றில் நடந்ததை மனித உடலில் நடந்ததாகச் சொல்ல முடியாது. இந்த இரண்டையும் விட்டுவிட்டுத் தலைப்பை மட்டும் அனுப்பியதால்தான் குழப்பம் வளர்ந்தது.

இன்னொன்றையும் யோசிக்கலாம். டிங்கி கிருமியும் ஆர்என்ஏ கிருமிதான். கொசு கடித்த பிறகு, அதன் ஆர்என்ஏ நம் உயிரணுவுக்குள் புகுந்து, தடுப்பூசிச் சீட்டைப் போலவே ரைபோசோமால் நேராகப் படிக்கப்படுகிறது. சளிக்காய்ச்சல், தட்டம்மை ஆகியவையும் ஆர்என்ஏ கிருமிகளால் வருபவை. டிங்கி வந்து தேறியவரின் மரபணு மாறிவிட்டது என்று யாரும் பயந்ததில்லை.

எல்லாத் தடுப்பூசியும் எம்ஆர்என்ஏ அல்ல என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. சினோவேக் செயலிழக்கச் செய்த முழுக் கிருமி. அஸ்ட்ராசெனிகா, வேறொரு தீங்கற்ற கிருமியின் வழியாக டிஎன்ஏ குறிப்பை அனுப்புகிறது. உட்கருவுக்குள் உண்மையிலேயே போவது அதுதான். அதுவும் குரோமோசோமில் சேருமாறு வடிவமைக்கப்பட்டதல்ல. டிஎன்ஏ பயத்தால் பைசரை விட்டு அஸ்ட்ராசெனிகாவைத் தேடியிருந்தால், அது வேடிக்கையான தேர்வாகத்தான் இருந்திருக்கும். பள்ளிகளில் மாணவிகளுக்குப் போடும் எச்பிவி ஊசியும், குழந்தைகளுக்கான தட்டம்மை ஊசியும் எம்ஆர்என்ஏ வகையைச் சேர்ந்தவை அல்ல.

அவசரத்தில் செய்த ஊசி என்ற குறையும் சொல்லப்படுகிறது. ஊசி வந்தது ஓராண்டுக்குள்தான். அதன் பின்னால் இருந்த உழைப்போ பல பத்தாண்டுகள். வெளி எம்ஆர்என்ஏ-வைக் கண்டதும் உடல் மிகையாகக் கொதித்தெழுவதைத் தணிக்கும் வழியைக் காத்தலின் கரிக்கோவும் துரூ வைஸ்மனும் 2005இல் வெளியிட்டனர். 2023இல் மருத்துவ நோபல் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது.

கவனிக்க வேண்டிய பக்கவிளைவுகள் வேறு. மிக அரிதாகக் கடும் ஒவ்வாமை ஏற்படலாம். ஊசி போட்டபின் சிறிது நேரம் உட்கார வைப்பது அதற்காகத்தான். இதயத் தசை அழற்சியும் அரிதாக வருவதுண்டு. பதின்ம வயது ஆண்களிடமும் இளைஞர்களிடமும், குறிப்பாக இரண்டாவது ஊசிக்குப் பிந்திய சில நாட்களில், இது அதிகம் பதிவாகியுள்ளது. பெரும்பாலோர் குணமடைந்துவிடுகின்றனர். அந்த நாட்களில் நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், படபடப்பு இருந்தால் காத்திராமல் மருத்துவமனைக்குச் சென்று, ஊசி போட்ட தேதியையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.