புதுமுக மாணவரும் பல்கலைக்கழகமும் – ஒரு வரலாற்று நோக்கு

தோற்றுவாய்

இலங்கையின் உயர்கல்வி வரலாற்றை ஆராய்வோர் சட்டங்களையும் ஆணைக்குழுக்களையும் கட்டடங்களையும் பற்றியே பெரிதும் பேசுவர். பல்கலைக்கழகத்தின் வாயிலுக்குள் முதன்முறையாகக் காலடி வைக்கும் மாணவர் அவ்வரலாற்றில் ஓர் எண்ணிக்கையாகவே இடம்பெறுகின்றார். அவர் எங்கே தங்கினார், எந்த மொழியிற் பாடங்கேட்டார், விளங்காதவற்றை யாரிடம் கேட்டறிந்தார் என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. ஆயினும் மாணவரின் பிற்காலக் கல்வி முதற் சில வாரங்களாற் பெரிதும் நிர்ணயிக்கப்படுகின்றது என்பதைப் பல்கலைக்கழக வாழ்வை அறிந்தோர் மறுக்கமாட்டார்கள். புதுமுக மாணவரை ஏற்று நிலைபெறச் செய்யும் பொறுப்பு இந்நாட்டிற் காலத்துக்குக் காலம் யாரிடம் இருந்தது, அது எவ்வாறு கைமாறியது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சிறு தொகையினரின் காலம்

சேர் பொன்னம்பலம் அருணாசலம் போன்றோர் 1906ஆம் ஆண்டிற் பல்கலைக்கழகச் சங்கம் ஒன்றை அமைத்து இந்நாட்டிற்குத் தனிப் பல்கலைக்கழகம் வேண்டுமெனக் குரல் எழுப்பினர். அதன் முதற் பலனாக 1921ஆம் ஆண்டிற் கொழும்பிலே பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கப்பட்டது. றொபேட் மார்ஸ் அதன் அதிபராக விளங்கினார். பட்டம் வழங்கும் உரிமை அக்கல்லூரிக்கு இருக்கவில்லை. மாணவர் இலண்டன் பல்கலைக்கழகத்தின் பரீட்சைகளுக்கே தோற்றினர். இங்கு வந்தோர் ஆங்கிலத்தைப் போதனாமொழியாகக் கொண்ட பாடசாலைகளிற் பயின்றவர்கள். கல்லூரியின் மொழியும் நடையுடையும் அவர்களுக்குப் பாடசாலையிலேயே பழகியவை. ஆகவே, புதியவருக்கு வழிகாட்டத் தனி ஏற்பாடு தேவை என்ற எண்ணம் அக்காலத்தில் வலுப்பெறாதது வியப்பன்று.

1942ஆம் ஆண்டு யூலை முதலாந் திகதி இலங்கைப் பல்கலைக்கழகம் உதயமாயிற்று. அப்போது அதன் மாணவர் தொகை ஏறத்தாழ 900 ஆகும். முதலாவது துணைவேந்தரான சேர் ஐவர் ஜெனிங்ஸ் கேம்பிரிட்ஜிலே பயின்றவர். மாணவரும் ஆசிரியரும் ஓரிடத்தில் வாழ்ந்து கற்கும் வதிவிடப் பல்கலைக்கழகமே அவரது இலட்சியமாக இருந்தது. பல்கலைக்கழகத்தை எங்கே அமைப்பது என்று அதற்கு முன்னரே பல ஆண்டுகளாக நடந்த விவாதத்தின் அடியிலும் இதே வினாவே கிடந்தது. கொழும்பிலே வீடுகளிலிருந்து வந்துபோகும் மாணவரைக் கொண்ட நிறுவனமா, நகருக்கு அப்பால் விடுதி வாழ்வை அடிப்படையாகக் கொண்ட நிறுவனமா என்பதே அவ்வினா. ஈற்றிற் பேராதனை தெரிவு செய்யப்பட்டது. 1952ஆம் ஆண்டிற் கலைத்துறை சார்ந்த பீடங்கள் அங்கே இடம்பெயர்ந்தன.

பேராதனையின் மண்டபங்கள் வெறும் உறைவிடங்களாகக் கருதப்படவில்லை. ஒவ்வொரு மண்டபத்துக்கும் பொறுப்பாளராக ஒரு விரிவுரையாளரும் அவருக்குத் துணையாக உபபொறுப்பாளர்களும் இருந்தனர். முதலாம் வருட மாணவருக்கு ஓர் அறையும், உணவு மேசையில் ஓர் இடமும், பெயர் சொல்லி அழைக்கத்தக்க ஓர் ஆசிரியரும் கிடைத்தனர். மூத்தோர் புதியோரைப் பரிகசிக்கும் வழக்கம் அக்காலத்திலும் இருந்ததுண்டு. எனினும், புதியவரை ஏற்றுக்கொள்ளும் பொறுப்பு நிறுவனத்திடமே இருந்தது. இவ்வொழுங்கு மேட்டுக்குடிச் சாயல் உடையது என்னும் விமரிசனத்திலும் உண்மை உண்டு. கத்தியையும் முள்ளையும் கொண்டு உண்ணும் மேசையிலே கிராமத்து மாணவர் தயங்கி நின்றிருப்பார். ஆயினும், அவர் வந்து சேர்ந்ததை அறிந்த ஒருவர் அங்கே இருந்தார் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

1960ஆம் ஆண்டின் திருப்பம்

1945ஆம் ஆண்டின் இலவசக் கல்வித் திட்டமும், சி. டபிள்யு. டபிள்யு. கன்னங்கரா காலத்து மத்திய கல்லூரிகளும் கிராமங்களிற் புதியதொரு தலைமுறையை உருவாக்கியிருந்தன. 1959ஆம் ஆண்டில் வித்தியோதய, வித்தியாலங்காரப் பல்கலைக்கழகங்கள் தோன்றின. 1960ஆம் ஆண்டளவிற் பேராதனைக் கலைப்பீடத்திலே சிங்களமும் தமிழும் போதனாமொழிகளாயின. உயர்கல்வியின் கதவு சாதாரண மக்களின் பிள்ளைகளுக்குத் திறந்தது இக்காலத்திலேதான். இது வரவேற்கத்தக்க மாற்றம் என்பதில் ஐயமில்லை.

ஆனால், வாயிலுக்குள் நுழைவோர் மாறிய அளவுக்கு உள்ளே இருந்த ஏற்பாடுகள் மாறவில்லை. தமிழிலே விரிவுரை கேட்ட மாணவர் நூலகத்துக்குச் சென்றால் அங்கே ஆங்கில நூல்களே அடுக்கப்பட்டிருந்தன. ஆங்கிலத்திலே கற்றுப் பட்டம்பெற்ற விரிவுரையாளர் தமது பாடத்தைத் தமிழிற் சொல்லுவதற்கு அப்போதுதான் சொற்களைத் தேடத் தொடங்கியிருந்தனர். அரசகரும மொழித் திணைக்களம் கலைச்சொற்றொகுதிகளையும் மொழிபெயர்ப்பு நூல்களையும் வெளியிட்டபோதும், வளர்ந்துவந்த தேவைக்கு அவை ஈடுகொடுக்கவில்லை. இதன் விளைவாக, விரிவுரையில் எழுதிக்கொண்ட குறிப்பை மனனஞ்செய்து பரீட்சை எழுதும் பழக்கம் வேரூன்றியது. இதனை மாணவரின் சோம்பலாகக் கூறுவோர் உளர். ஆசிரியரின் குறிப்பைத் தவிர வேறு வழி காட்டப்படாத ஒருவர் அக்குறிப்பையே பற்றிக்கொண்டதைச் சோம்பல் என்பது நியாயமாகாது.

மாணவர் தொகை பெருகவே மண்டபங்களும் நிரம்பி வழிந்தன. ஒருவருக்கென அமைந்த அறையிற் பலர் தங்கினர். வேறு பலர் வெளியே வாடகை அறைகளைத் தேடினர். பொறுப்பாளர் மாணவரைப் பெயர் சொல்லி அழைத்த காலம் மெல்ல மறைந்தது.

வெற்றிடத்தை நிரப்பியோர்

நிறுவனம் விட்ட இடம் வெற்றிடமாக நீடிக்கவில்லை. இருவேறு சக்திகள் அதனை நிரப்பின.

முதலாவது, பகிடிவதை. புதியவருக்கு அறை தேடிக் கொடுப்பவரும், பழைய குறிப்புகளைத் தருபவரும், விரிவுரை மண்டபத்தைக் காட்டுபவரும் மூத்த மாணவராகவே இருந்தபோது, அவ்வுதவிக்கு விலையாகக் கீழ்ப்படிவு கேட்கப்பட்டது. 1974ஆம் ஆண்டில் வித்தியாலங்கார வளாகத்திலே நிகழ்ந்த பகிடிவதை அரசாங்க விசாரணைக்கு உட்பட்டது. 1975ஆம் ஆண்டிற் பேராதனையிலே மாணவி ஒருவர் வதைக்கு அஞ்சி விடுதியின் மேல்மாடியிலிருந்து குதித்து, நடமாடும் ஆற்றலை இழந்தார். 1997ஆம் ஆண்டில் அதே பல்கலைக்கழகத்திற் பொறியியற்பீடத்துத் தமிழ் மாணவர் ஒருவர் பகிடிவதையின் விளைவாக உயிரிழந்தார். இவற்றின் பின்னரே 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டம் நிறைவேறியது. பாரதூரமான குற்றங்களுக்குப் பத்து ஆண்டு வரையிலான சிறைத் தண்டனைக்கு அது வழிசெய்தது. எனினும், தீமை முற்றாக ஒழிந்ததாகக் கூறமுடியாது. சட்டம் வதைப்பவரைத் தண்டிக்கலாம். புதியவருக்கு அறையும் குறிப்பும் நட்பும் தேடிக்கொடுக்கும் பணியை அது செய்யமாட்டாது. அத்தேவை நிறைவேறாத வரையில் அதனை நிறைவேற்றுவதாகச் சொல்லி வருபவரின் அதிகாரமும் நீடிக்கும்.

இரண்டாவது சக்தி, ஆக்கபூர்வமானது. பேராதனையிலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் கிராமத்துக் கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொணர்ந்தமை யாவரும் அறிந்ததே. 1962இல் 'கர்ணன் போர்', 1964இல் 'இராவணேசன்' முதலிய நாடகங்கள் மாணவரைக் கொண்டு மேடையேற்றப்பட்டன. நாடக வரலாற்றில் இம்முயற்சி பெறும் இடம் பற்றிப் பலரும் எழுதியுள்ளனர். புதுமுக மாணவரின் வரலாற்றிலும் அதற்கு ஓர் இடம் உண்டு. மட்டக்களப்பின் கிராமமொன்றிலிருந்து வந்த மாணவர், தமது ஊர்க் களரியில் ஆடப்படும் வடமோடி ஆட்டத்தைப் பேராசிரியர் ஒருவர் மதித்துப் பயில்விப்பதைக் கண்டபோது, தாம் கொண்டுவந்ததும் அறிவே என்று உணர்ந்திருப்பார். ஒத்திகைக்குக் கூடியவர்களுள் மூத்தோரும் புதியோரும் இருந்தனர். அவர்களை இணைத்தது கூட்டு உழைப்பேயன்றி அச்சமன்று. தமிழ்ச் சங்கங்களின் விவாதங்களும் கருத்தரங்குகளும் ஆண்டு மலர்களும் இவ்வகைப் பணியையே வெவ்வேறு அளவிற் செய்துவந்தன.

போர்க்காலமும் புதிய வளாகங்களும்

எழுபதுகளில் வந்த தரப்படுத்தலும் மாவட்ட ஒதுக்கீடும் தமிழ் மாணவரிடையே ஆறாத மனக்குறையை ஏற்படுத்தின. அதே காலத்தில், 1974ஆம் ஆண்டு ஒக்ரோபரில், யாழ்ப்பாண வளாகம் பேராசிரியர் க. கைலாசபதியின் தலைமையிலே திருநெல்வேலியிற் பரமேஸ்வராக் கல்லூரிக் கட்டடங்களிற் தொடங்கியது. அங்கே தமிழ் மாணவர் வீட்டுச் சூழலிலேயே கற்றனர். தென்பகுதியிலிருந்து வந்த சிங்கள மாணவரே அங்கு மொழியும் ஊரும் அறியாத புதியவராயினர். 1977ஆம் ஆண்டு வன்செயல்களின் பின்னர் அவர்கள் அங்கிருந்து நீங்கினர். 1983ஆம் ஆண்டிலே தென்பகுதியிற் கற்ற தமிழ் மாணவர் பலர் படிப்பை இடைநிறுத்தி வெளியேற நேர்ந்தது. புதியதோர் இடத்திலே நிலைபெறுதல் என்பது படிப்பைப் பற்றியது மட்டுமன்று, உயிர்ப் பாதுகாப்பைப் பற்றியதும் ஆகும் என்பதை இரு இனத்து மாணவரும் இவ்வாண்டுகளிற் கற்றுக்கொண்டனர்.

1981ஆம் ஆண்டில் மட்டக்களப்பு வந்தாறுமூலையிலே பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றி, 1986ஆம் ஆண்டிற் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. அதே 1981ஆம் ஆண்டில் ஏற்படுத்தப்பட்ட மகாபொல நிதியம் வறிய மாணவருக்குப் பேருதவியாக அமைந்தது. எண்பதுகளிற் புதுமுக மாணவருக்கான ஆங்கிலப் பயிற்சி வகுப்புகளும் பரவின. நூலகத்துக்கும் விரிவுரைக்கும் இடையே 1960இல் விழுந்த பிளவை ஒப்புக்கொண்ட முயற்சி என இதனைக் கொள்ளலாம்.

முடிவுரை

இவ்வரலாற்றிலிருந்து பெறப்படும் உண்மை ஒன்றே. புதுமுக மாணவரை யாரேனும் ஒருவர் ஏற்றே தீருவர். நிறுவனம் ஏற்காவிடின் மூத்த மாணவர் ஏற்பர். நல்லோர் முந்தாவிடின் வதைப்போர் முந்துவர். இன்று ஆண்டொன்றுக்கு 40,000க்கும் மேற்பட்டோர் அரச பல்கலைக்கழகங்களுக்கு அனுமதி பெறுகின்றனர். சில நாள் நடைபெறும் திசைமுகப்படுத்தல் நிகழ்ச்சிகளோடு அப்பொறுப்பு முடிந்துவிட்டதாகக் கருதுவது தவறு. பேச்சுக்கள் முடிந்தபின் வரும் வாரங்களிலேயே மாணவர் தனித்துவிடப்படுகின்றார்.

பல்கலைக்கழகம் செய்யவேண்டியவை பல. முதலாம் வருட மாணவர் அனைவருக்கும் விடுதி, அவர்களைப் பெயரால் அறியும் ஆசிரியர், முதற் கட்டுரையைத் திருத்திக் காரணம் சொல்லித் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் என்பன அவற்றுட் சில. ஆனால், நாம் காத்திருக்கத் தேவையில்லாத பணிகளும் உண்டு. நூலகப் பட்டியலை எவ்வாறு பயன்படுத்துவது, விரிவுரையை எவ்வாறு குறித்துக்கொள்வது, ஆங்கில நூலொன்றின் ஓர் அத்தியாயத்தை அகராதியின் துணையோடு எவ்வாறு வாசித்து முடிப்பது என்பவற்றை இரண்டாம் வருட மாணவர் ஒருவர் புதியவர் ஒருவருக்கு ஒரு மாலைப்பொழுதிற் சொல்லிக்கொடுக்கலாம். மன்னாரிலிருந்தோ மலையகத் தோட்டமொன்றிலிருந்தோ தமது குடும்பத்தில் முதலாமவராக வருபவருக்கு அந்த மாலைப்பொழுது மூன்று ஆண்டுகளைக் காக்கக்கூடும். அவ்வுதவிக்குப் பணிவோ பட்டப்பெயரோ விலையாகக் கேட்கப்படலாகாது. அடுத்த அணியினர் வருமுன்னரே, யார் யாருக்குத் துணையாவது என்பதைத் தமிழ்ச் சங்கங்கள் தீர்மானித்து வைத்திருத்தல் வேண்டும்.